மொய்க்குக் கட்டம் இல்லாத தாள்

நான் சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எனக்குப் புரியாமல் போன முதல் விஷயம், எங்கள் சைட் போர்மேன் ஆ செங் சாப்பிட்டு முடித்ததும் செய்கிற ஒரு வேலை. தட்டை நகர்த்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து கசங்கின ரசீதுகளை எடுத்து, மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் ஒவ்வொன்றாக நீவி நேராக்குவார். பஸ் டிக்கெட், மருந்துக்கடைச் சீட்டு, பிள்ளைக்கு நோட்டு வாங்கின சீட்டு எல்லாம் அதில் இருக்கும். கோப்பிக் கடையில் யாரும் ரசீது தருவதில்லை. ஆனாலும் இவர் விடமாட்டார். கடைக்கார அம்மா சீனத்தில் திட்டிக்கொண்டே ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து அதில் விலையை எழுதி வீசுவார். இவர் சிரித்துக்கொண்டே அதையும் நீவி, தேதி போட்டு, ரப்பர் பேண்டில் சுருட்டிக்கொள்வார். நம்ம ஊரில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகூடக் கணக்கு எழுதுவதில்லையே, வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில், சம்பளம் வாங்குகிற இந்த மனுஷனுக்கு என்ன கேடு என்று நினைத்தேன்.

ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, அவரே சொன்னார். "நான் பேங்க்ரப்ட் லா." மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற மாதிரி, வாயில் நூடுல்ஸோடு சொன்னார். கடன் கட்ட முடியாமல் கோர்ட்டில் கைவிரித்தவர் என்று அர்த்தம். எனக்கு உடனே பயம் வந்துவிட்டது. நம்ம பக்கத்தில் ஒரு ஆள் தானாக வந்து தன் கஷ்டத்தைச் சொன்னால், அடுத்தது என்ன கேட்பான் என்று நமக்குத் தெரியாதா? சட்டைப் பையில் இருந்த பத்து வெள்ளி நோட்டை மெதுவாக எடுத்து, குனிந்து, பூட்ஸுக்குள் செருகினேன். "பாஸ், மீ நோ மணி பாஸ்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். பக்கத்து மேசை ஆட்களிடம் எல்லாம் என் பூட்ஸைக் காட்டிச் சொன்னார். சிரித்து முடித்துவிட்டு, தன் பன்னைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அதைவிட ஒரு அதிசயம் மனதில் நின்றுபோச்சு. கடனில் விழுந்த ஒருத்தன் இப்படிப் பத்துப் பேர் நடுவில் சத்தம் போட்டுச் சிரிக்க முடியுமா?

நம்ம ஊரில் முடியாது. பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மஞ்சக் கடுதாசி கொடுத்ததை நான் வாலிப வயதில் பார்த்திருக்கிறேன். மஞ்சக் கடுதாசி என்றால், என்னால் கடனைக் கட்ட முடியாது, என்னிடம் இருப்பது இவ்வளவுதான் என்று கோர்ட்டில் எழுதிக்கொடுப்பது. யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அத்தனை பேர் பெயரையும் எழுத வேண்டும். அவர்களுக்கெல்லாம் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போகும். அது வந்துவிட்டால் அப்புறம் யாரும் வாசலில் வந்து சத்தம் போட முடியாது. சட்டம் அவருக்குத் துணைக்கு நிற்கும். ஊர் நிற்காது. அதற்கப்புறம் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை, "மஞ்சக் கடுதாசி போறாரு பாரு" என்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை காலியாகவே கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கலை, போன மாதம் நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு டைப் அடித்த தாள் கிடைத்தது என்றாய். "அப்பா, தொண்ணூத்திநாலு பேருக்கா நாம கடன்காரங்க? ஆலத்தியூர் மாமாவுக்குக்கூட நூத்தியொரு ரூபா பாக்கின்னு போட்டிருக்கே?" என்றாய். நான் பதில் யோசிப்பதற்குள் போன் கார்டு தீர்ந்துபோச்சு. தீர்ந்தது நல்லதுதான். அதை இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாது. நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். பிழை இருந்தால் நீயும் தம்பியும் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். என்னைப் போல இங்கே வந்து, ராத்திரி பகலாகக் கடனை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிற வேறு அப்பாக்கள் கையிலும் இது கிடைத்தால் நல்லது.

உனக்கு நாலு வயசு, தம்பி கைக்குழந்தை. அப்போது நான் செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் வாங்கித் திருச்சிக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். நம்ம பக்கத்தில் வெங்காய வியாபாரம் வாய்வார்த்தையில்தான் நடக்கும். காட்டில் எடை போடுவோம், ஏற்றுவோம், விற்றுவிட்டு வந்து பணம் கொடுப்போம். அந்த வருஷம் விலை கிலோ ஆறு ரூபாய்க்குக் கிடந்தது. தீபாவளி வந்தால் ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பதினோரு பேரிடம் வாங்கின வெங்காயத்தை விற்காமல் மூன்று பட்டறை போட்டேன். பட்டறை உனக்குத் தெரியும், கல் மேல் மூங்கில் பரப்பி, பக்கத்துக்குத் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்து, காற்று உள்ளே ஓடுகிற மாதிரி வைப்போம். முந்நூறு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஐப்பசியில் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. காற்று ஓடுகிற வழியில் சாரல் ஓடியது. பத்தாம் நாள் தட்டியைப் பிரித்தபோது கை வைத்த இடமெல்லாம் கூழாக இருந்தது. அந்த நாற்றம் நம் வூட்டு வாசலில் ஒரு மாதம் நின்றது.

பதினோரு பேரும் வந்தார்கள். ஒருத்தரும் சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மருதாயி அக்கா, உனக்குத் தெரியும், தெற்குத் தெருவில் தனியாக இருக்கிறவர், அவருடையது பதினாலு மூட்டை. ஐயாயிரத்து நாற்பது ரூபாய். அவர் புருஷன் செத்து முதல் வெள்ளாமை அது. அழுகின குவியலைக் காலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, "வெதைக்காச்சும் ரெண்டு படி தேறும்னு பாத்தேன் தம்பி" என்றார். அவ்வளவுதான். பதினோரு பேருக்கும் நான் கொடுக்க வேண்டியது எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாய்.

அடுத்த தை மாதம் உனக்கும் தம்பிக்கும் காது குத்தினோம். உனக்கு ஞாபகம் இருக்காது. கையில் காசில்லாத வருஷத்தில் எதற்குக் காதுகுத்து என்று நீ கேட்பாய். காசில்லாததால்தான். சடங்கு வைத்தால் மொய் வரும். மொய் வந்தால் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டுக்கு முன்பணம் கட்டலாம். மானத்தை விட்டுச் சொல்கிறேன், உங்கள் காது வலிக்க வலிக்க நான் மொய்ப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு கோழைத்தனம் செய்தேன். கடன் கொடுத்தவர்கள் யாராவது வந்தால் முகம் பார்க்க வேண்டுமே என்று, சாப்பாடு போடும் நேரம் முழுக்கச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் விறகு எடுத்துக்கொடுத்துக்கொண்டு நின்றேன். எட்டாயிரத்துச் சொச்சம் சேர்ந்தது. மீதிக்குப் பைனான்ஸில் எண்பதாயிரம், நூற்றுக்கு மாதம் மூணு வட்டிக்கு. அந்தப் பணத்தில்தான் விமானம் ஏறினேன்.

இங்கே வந்தபிறகு உடம்பு வேலை செய்தது. மனசு ஒரு இடத்தில் இருக்கவில்லை. கம்பி கட்டும்போது எண்ணுவேன், ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து, இருபதாவது கம்பியில் அது வட்டிக் கணக்காக மாறியிருக்கும். கான்கிரீட் ஊற்ற அடிக்கிற பலகையில் அடையாளம் போடும் பென்சிலால் கூட்டிக் கழிப்பேன். மறுநாள் அந்தப் பலகைமேல் கலவை கொட்டிவிடும். இந்த ஊரில் எத்தனை சுவர்களுக்குள்ளே என் கணக்கு இறுகிப்போய்க் கிடக்கிறதோ. ஒவ்வொரு தடவையும் விடை வேறு வேறாக வரும். கட்டிவிடலாம் என்று வரும், பிறகு சாகும்வரை முடியாது என்று வரும்.

அப்போதுதான் உன் மாமா ஆலத்தியூரிலிருந்து கடிதம் போட்டார். சிமெண்ட் பேக்டரியில் அவர் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தார். அங்கே லாரி வாங்கி நொடித்த ஒருத்தர் மஞ்சக் கடுதாசி கொடுத்து நிம்மதியாகிவிட்டாராம். "மாப்ளே, நீங்க மட்டும் என்ன அரிச்சந்திரன் பேரனா? அரியலூர்ல எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு. லீவுல வாங்க, முடிச்சுடுவோம். வெளிநாட்டுல இருக்கறப்பவே கொடுத்தா ஊர்ப் பேச்சும் காதுல வுழாது" என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பொய் சொல்ல மாட்டேன் கலை, எனக்கு அந்த மஞ்சத் தாள் வேண்டும் போலிருந்தது. தண்ணீர் தவிக்கிறவனுக்குத் தண்ணீர் போல இருந்தது.

ஆ செங்கிடம் கேட்டேன். எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் மலாய், மீதி கைஜாடை. பேங்க்ரப்ட் ஆனால் நல்லதா கெட்டதா பாஸ் என்று கேட்டேன். அவர் வீடுகளுக்குத் தரை பதிக்கிற தொழில் செய்து நொடித்தவர். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது: இந்த நாட்டில் பேங்க்ரப்ட் ஆனாலும் கடன் உடனே போய்விடாது. வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அரசாங்க அதிகாரிக்குத் தாள் கொடுக்க வேண்டும். அதிகாரி பார்த்து, இது சாப்பாட்டுக்கு, இது கடனுக்கு என்று பிரித்துவிடுவார். அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மலேசிய ஜோகூருக்கு, மீன் மலிவு என்று போக முடியாது. நான் கடனுக்காகக் கடலைத் தாண்டி வந்தவன். அவர் கடனால் பாலத்தைத் தாண்ட முடியாதவர். அவர் அடுத்த நாள் எழுதாத தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டம் கட்டமாக இருந்தது. சாப்பாடு, வாடகை, கரண்ட், பஸ், பள்ளிக்கூடம், மருந்து. "முதலில் இதை நிரப்பு. அப்புறம் கோர்ட்டுக்குப் போகலாமா என்று யோசி. நான் தலைகீழாகச் செய்தேன்" என்றார்.

அந்தக் கட்டங்களைத் தமிழில் எழுதி உன் அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரு மாதச் செலவை உள்ளது உள்ளபடி எழுது, ஒரு ரூபாயும் விடாதே, இதை வைத்துத்தான் மஞ்சக் கடுதாசியா இல்லையா என்று முடிவெடுக்கப் போகிறேன் என்று எழுதினேன். பதில் வர இருபது நாள் ஆச்சு. அந்த இருபது நாளும் தபால் கொண்டுவருகிற கிளார்க்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா பழனியம்மாள் ஐந்தாவது படித்தவள், ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய், பால், உன் பள்ளிக்கூடத்துக்கு, தம்பியின் சளி மருந்துக்கு என்று வரிசையாக எழுதியிருந்தாள். 'வெங்காயம்: வாங்கறதில்லை' என்று ஒரு வரி. வெங்காயம் விளைகிற ஊரில், வெங்காயம் போடாத குழம்பை நீங்கள் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். எல்லாம் கூட்டி மூவாயிரத்து இருநூறு. அதற்குள்ளே, அனுப்பின கட்டங்களில் எதிலும் சேராமல், தாளின் ஓரத்தில் அவளே ஒரு கட்டம் போட்டிருந்தாள். 'ஆவணி மாச மொய், ஏழு வூடு (101 அஞ்சு, 51 ரெண்டு): 607.'

ஆ செங் அந்தத் தாளை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். மற்றதெல்லாம் சொன்னதும் தலையாட்டினார். அறுநூற்று ஏழில் விரல் வைத்தார். "இது என்ன, அபராதமா?" என்றார். விசேஷத்துக்குக் கொடுக்கிறது, நம் வீட்டு விசேஷத்தில் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள், நோட்டில் எழுதியிருக்கும், அதைவிடக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும் என்று சொன்னேன். "யார் அந்த நோட்டைக் கேட்கிறார்கள்? போலீஸா?" யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். "செய்யாவிட்டால்?" அதற்கு எனக்குக் கைஜாடை கிடைக்கவில்லை. அவர் ஐம்பத்தொன்று, நூற்றியொன்று என்பதைப் பார்த்து, அந்த ஒன்று எதற்கு என்று கேட்டார். முழுசாகக் கொடுத்தால் கணக்கு முடிந்துபோகும் பாஸ், ஒரு ரூபாய் அதிகம் வைத்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம் என்றேன். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பெரிய முட்டை போட்டார். "என் தாளிலும் இப்படி ஒன்று இருந்தது. புதுவருஷத்துக்குச் சிவப்புக் கவரில் பிள்ளைகளுக்குக் காசு கொடுப்போம். நானே அடித்துவிட்டேன். எங்கள் அக்கா வீட்டுக்கு இப்போது புதுவருஷத்தன்று போவதில்லை. மூன்றாம் நாள், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு போவேன்" என்றார். சொல்லிவிட்டு ரசீதுகளை எடுத்து நீவ ஆரம்பித்தார். சத்தம் போட்டுச் சிரிக்கிற அந்த மனுஷனை அதற்கப்புறம் என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

ஆனாலும் முட்டையை அப்படியே வீட்டுக்கு எழுதிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆட்கள் கூடுகிற தேக்காவில் போனுக்கு வரிசையில் நின்று, பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். ஓடி வந்து மூச்சு வாங்கப் பேசினாள்.

"கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சு. என்னமோ மொய்க்கு முட்ட போட்டிருக்கீங்க."

"ஆறு மாசத்துக்கு மட்டும்."

"அரிசியக் கொறைக்கச் சொல்லுங்க, கொறைக்கிறேன். பால நிறுத்தச் சொல்லுங்க, நாளைக்கே நிறுத்துறேன். எழவு விழுந்த வூட்டுக்கும் கல்யாண வூட்டுக்கும் போவாம இந்த ஊர்ல எப்படிங்க இருக்கறது?"

"போ, சாப்புட்டுட்டு வா. மொய் மட்டும் எழுதாத."

"சாப்புட்டுட்டு வரதா? நீங்க அங்க இருந்துக்கிட்டு என்ன வேணா சொல்லுவீங்க." மளிகைக்கடையில் யாரோ சீயக்காய் கேட்பது கேட்டது. "சரி, வைக்கட்டுமா? இதுக்கும் உங்களுக்கு வெள்ளி ஓடுது."

அடுத்த மாதத் தாள் வந்தது. மொய்க் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'நாலு பத்திரிகை வந்துச்சு. தலைவலின்னு சொல்லிட்டேன்.' அதற்கடுத்த மாதம், 'ரெண்டு பத்திரிகை.' மூன்றாம் மாதம், 'பத்திரிகை வல்ல.' என் கணக்கில் மாதம் அறுநூறு மிச்சம். அந்த மிச்சத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிலைகொள்ளவில்லை.

இரண்டு வருஷம் முடிந்து லீவில் வந்தேன். மிச்சம் பிடித்தும் மஞ்சக் கடுதாசிதான் வழி என்று முடிவெடுத்திருந்தேன். வந்த நாலாம் நாள் நானும் அம்மாவும் உங்களை மாமா வீட்டில் விட்டுவிட்டு அரியலூர் போனோம். பெரம்பலூரில் என்றால் கோர்ட் வாசல் டீக்கடையிலேயே பத்துத் தெரிந்த முகம் நிற்கும். வக்கீல் அரியலூர்க்காரர் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். யார் யாருக்குக் கொடுக்கணும் என்கிற பட்டியலை மாமா மூலமாக முன்னாலேயே கேட்டிருந்தார்கள். அதை எழுதிக் கொடுத்தது அம்மா. நான் ஏஜெண்ட் ஆபீஸுக்கு அலைந்ததில் அதைப் பார்க்கவில்லை. வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். குமாஸ்தாதான் இருந்தார், மூக்குக்கண்ணாடி, வாயில் வெற்றிலை. டைப் அடித்த தாள்களைத் தூக்கி எடை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஏங்க, நீங்க வெங்காய யாவாரம்தானே பண்ணீங்க? இல்ல பேங்க் கீங்க் வெச்சு நடத்துனீங்களா? தொண்ணூத்திநாலு பேரு."

"பன்னெண்டு பேருதாங்க" என்றேன். பதினோரு சம்சாரி, ஒரு பைனான்ஸ்காரர்.

"அப்ப மீதி எண்பத்திரண்டு பேரு யாரு? அம்பத்தோரு ரூவா, நூத்தியோரு ரூவா... இந்தா பாருங்க, இருவத்தோரு ரூவாக்குக்கூட ஒருத்தர். இருவத்தோரு ரூவாக்கு மஞ்ச நோட்டீஸ் அனுப்புன மொத ஆளு நீங்கதான். தபால் செலவே அதுக்கு மேல ஆவும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பையிலிருந்து காதுகுத்து மொய் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இவங்களுக்கும் நாம குடுக்க வேண்டியதுதானுங்களே. குடுக்காம வெச்சிருக்கோம். கோர்ட்டுல ஒருத்தரையும் மறைக்கக் கூடாதுன்னு எங்கண்ணன் சொன்னாரு. மறைச்சா கேஸ் நிக்காதுன்னாரு" என்றாள். குமாஸ்தா வெற்றிலையைத் துப்பப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "மொய் எல்லாம் சட்டத்துல கடன் இல்லம்மா" என்றார். "சட்டத்துல இல்லீங்களா? ஊருல இருக்குதுங்களே" என்றாள் அம்மா. தெரியாமல் செய்தாளா, தெரிந்தே செய்தாளா என்று இன்றுவரை நான் அவளைக் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

குமாஸ்தா பேனாவை எடுத்து, "சரி, நான் படிக்கிறேன், வேண்டாதத அடிச்சுக்கிட்டே வருவோம்" என்றார். படித்தார். மொய் நோட்டில் உள்ளபடி ஊர் பெயர் முதலில், ஆள் பெயர் பின்னால். ஒவ்வொன்றுக்கும் நான் அடிங்க, அடிங்க என்றேன். ஆலத்தியூர் என்று உன் மாமா பெயர் வந்தபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மஞ்சக் கடுதாசி கொடுக்கச் சொன்னவருக்கே மஞ்சக் கடுதாசி போயிருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கடுத்த பெயரைக் குமாஸ்தா படித்தார்.

"செட்டிகுளம், மருதாயி, அம்பத்தொண்ணு." நிறுத்தினார். "இந்தப் பேரு மேலயே வந்துச்சே. ஐயாயிரத்து நாப்பது. ரெண்டும் ஒரே ஆளா, வேற வேறயா?"

ஒரே ஆள். பதினாலு மூட்டை வெங்காயத்தை என் பட்டறையில் அழுகவிட்டுவிட்டு, அதற்கு ஒரு ரூபாயும் வாங்காமல், மூன்றே மாதத்தில் என் பிள்ளைகள் காதுகுத்துக்கு வந்து ஐம்பத்தொரு ரூபாய் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மட்டுமில்லை. பதினோரு பேரில் ஒன்பது பேர் பெயர் கீழேயும் இருந்தது. நான் விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தபோது அவர்கள் வந்து, உட்கார்ந்து, மொய் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெட்டியைப் பார்த்தேனே தவிர, நோட்டை நான் ஒரு தடவைகூடப் புரட்டவில்லை.

"எத அடிக்கிறது? மேல இருக்கறதையா, கீழ இருக்கறதையா?" என்று குமாஸ்தா கேட்டார். கீழே இருப்பதை அடித்துவிட்டு மேலே இருப்பதற்கு நோட்டீஸ் அனுப்பலாம், சட்டப்படி சரிதான். ஆனால் இரண்டும் ஒரே கை. தாளைக் கொடுங்க என்றேன். "இன்னும் முடியலீங்களே." முடிய வேண்டாம் என்றேன். டைப் அடித்த கூலி நூற்று ஐம்பது கேட்டார். கொடுத்தேன். பஸ்ஸில் அம்மா அந்தத் தாளை மடித்து மொய் நோட்டுக்குள் வைத்தாள். நீ பார்த்தது அதுதான்.

மறுநாள் பதினோரு வீட்டுக்கும் நடந்தே போனேன். மருதாயி அக்கா வாசலில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தம்பி. மஞ்சக் காயிதம் வரும் வரும்னாங்க, ஒண்ணையும் காணமேன்னு போஸ்ட்மேன நித்தம் கேட்டுக்கிட்டு இருக்கேன். கலரு எப்படி இருக்கும்னு பாக்கலாம்னுதான்" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. அரியலூர் போனால் தெரியாது என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது. நான் ஆ செங் முட்டை போட்ட அந்தத் தாளை எடுத்துக் கீழே விரித்தேன். "அக்கா, மாசம் எட்டாயிரம் அனுப்புறேன். வூட்டுக்கு மூவாயிரத்து இருநூறு. பைனான்ஸ் வட்டி ரெண்டாயிரத்து நானூறு. மீதி ரெண்டாயிரத்து நானூறு. இதுல எல்லாரையும் முடிக்க ஆறு வருஷத்துக்கு மேல ஆவும். யாருக்கு எப்ப வேணும்னு நீங்களே சொல்லுங்க." அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளைக் குனிந்து பார்த்தார். ஓரத்துக் கட்டத்தைத் தொட்டு, "இது என்ன, முட்ட?" என்றார்.

மொய் என்றேன்.

"ஓ. அதான் உம் பொண்டாட்டிக்கு ஆறு மாசமாத் தலவலியா?" என்றார். ஒரு கை வெங்காயத்தை அள்ளி என் துண்டில் போட்டார். "இதக் கொண்டுபோயி கொழம்பு வெக்கச் சொல்லு. எனக்கு வெதைப்பு மாசத்துல கொஞ்சங் கொஞ்சமாக் குடு. ஒரேடியாக் குடுத்தா மருமவன் புடுங்கிக்குவான்." மூவாயிரத்து இருநூறுக்குள்ளே அந்த அறுநூறு இருக்கிறது, முட்டையை அடித்துவிட்டேன் அக்கா என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு அம்மா போய் எழுதியதும் அவர்களே தெரிந்துகொண்டார்கள்.

அதுதான் கலை, மற்ற அப்பாக்கள் மாடி கட்டின வருஷங்களில் உன் அப்பா ஓடு மாற்றக்கூட இல்லாததற்குக் காரணம். இடையில் ஒரே ஒரு தடவைதான் லீவு எடுத்தேன். டிக்கெட்டும் ஒரு கட்டம்தானே. உனக்கு என் மேல் கோபம் இருந்தால் அது நியாயம். நான் கட்டம் போட்ட தாளில் பிள்ளைகளைப் பார்க்கிறதுக்கு என்று ஒரு கட்டம் போடவில்லை. அது கூட்டலில் வராமல் போனது என் பிழைதான். போன மார்கழியில் பைனான்ஸ்காரரின் பாண்டு பத்திரம் திரும்பி வந்தது. மருதாயி அக்காவுக்குக் கடைசி நாற்பது ரூபாயைக் கொடுக்கப் போன அம்மாவிடம், "நாப்பத்தொண்ணாக் குடு" என்று சண்டை போட்டு வாங்கினாராம்.

ஆ செங்குக்கும் விடுதலைத் தாள் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சைட்டில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பேங்க்ரப்ட் ஆனதைச் சத்தம் போட்டுச் சொன்ன மனுஷன், அது முடிந்ததைச் சொல்ல வெட்கப்பட்டார். ஜோகூர் போய் மீன் வாங்கிவந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். இப்போதும் சாப்பிட்டதும் ரசீதை நீவுகிறார். கை பழகிவிட்டது. இந்தச் சீனப் புதுவருஷத்தில் முதல் நாளே அக்கா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சிவப்புக் கவர் கொடுத்தார். பெரிய ஆளுக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை, உன் பிள்ளைகளுக்கு என்றார். உள்ளே எட்டு வெள்ளி இருந்தது. "பூட்ஸுக்குள் வை" என்று சொல்லிச் சிரித்தார்.

அதை அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் உடனே மொய் நோட்டை எடுத்துவிட்டாள். ஆ செங் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, திருப்பிச் செய்ய வேண்டுமே.

"எட்டுன்னா போடறது? ஒரு ஒம்போதாக்கிடவா?"

"எட்டுன்னே போடு. அவங்களுக்கு அதான் ராசி."

"எந்த ஊருன்னு போட? ஊர் போடாம எழுதக் கூடாதே."

ஆ செங் வீடு இருக்கிற தோ பாயோ என்று சொன்னேன். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். செட்டிகுளம், ஆலத்தியூர், அதற்குக் கீழே தோ பாயோ. எழுதிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். இப்போதெல்லாம் அவள் மொய் எழுதப் போனால், எழுதுகிறவர் என் பெயரைக் கேட்பதுகூட இல்லையாம். அவரே 'சிங்கப்பூர் செல்வராசு' என்று போட்டுக்கொள்கிறாராம். நம்ம ஊர்ப் பெயரைப் போடுங்கள் என்றால், "அவரு இப்ப சிங்கப்பூர்தானேம்மா" என்கிறாராம்.

போனை வைத்துவிட்டுக் கவரைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஆ செங் பேனாவால் என் பெயரை எழுதியிருந்தார், யாருடைய கவர் என்று குழம்பாமல் இருக்க. செல்வா, இண்டியா.